கிளட்ச் சாரின் இடது எஞ்சின்

கிளட்ச் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த யாருக்கும் அது தெரியாது. தெருமுனையில் வண்டி தவளை மாதிரித் துள்ளும்போதெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து ஓர் அலறல் கிளம்பும்: "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" அந்த அலறலே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அவருடைய வேலை என்னவென்றால், அடுத்தவர் செய்யும் தப்பை மிதிப்பது. பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. எலிவளைக்கு முன்னால் உட்கார்ந்த பூனை மாதிரி அவருடைய வலது கால் அந்தப் பிரேக்கின் மேல் காத்துக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்பவர் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனாலும் சரி, குப்பைத்தொட்டியைக் காதலியாக நினைத்து அதை நோக்கிப் போனாலும் சரி, கால் பாய்ந்துவிடும். அதற்கப்புறம்தான் மூளைக்கே தகவல் போகும்.

ஒரே ஒரு குறை. நாள் முழுக்கக் காரில் இருந்தும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. "நான் டிரைவரா, இல்ல வண்டியில போற சாமானா?" என்று வீட்டுக்கு வந்து புலம்புவார்.

அதனால்தான் அவர் விமானம் வாங்கினார்.

நிஜ விமானம் இல்லை. கணினியில் ஓடும் சிமுலேட்டர். வீட்டில் ஜன்னல் வைத்த சின்ன அறையில் ஒரு மேசை. மேசைமேல் பழைய பெரிய டிவி, அதுதான் விமானியின் கண்ணாடி. பக்கத்தில் இரண்டு லீவர்கள், இடது எஞ்சினுக்கு ஒன்று, வலது எஞ்சினுக்கு ஒன்று. விமானத்தின் வாலில் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் சுக்கான் ஒன்று இருக்கிறது. அதைக் காலால்தான் இயக்க வேண்டும். அதற்கான மிதிகள் கடையில் யானை விலை சொன்னார்கள். கிளட்ச் சார் யோசித்தார். பழைய பயிற்சிக் கார் ஒன்று உடைக்கப் போயிருந்தது. அதில் தன் பக்கம் இருந்த கிளட்ச்சையும் பிரேக்கையும் கழற்றிக் கொண்டுவந்து பலகையில் முடுக்கி, டிவி பழுதுபார்க்கும் நண்பரிடம் கொடுத்து ஒயர் இணைத்துவிட்டார். இடது காலுக்குக் கிளட்ச், வலது காலுக்குப் பிரேக். மிதித்தால் மூக்கு திரும்பியது. அன்றைக்கு அவர் அறைக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மகளுக்கு விக்கல் வந்துவிட்டது.

இவரைப் போல வீட்டிலிருந்தே ஜெட் ஓட்டுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தார்கள். கற்பனை விமானக் கம்பெனி. ஆனால் பதவிகள், தேர்வுகள் எல்லாம் நிஜம்போல. கிளட்ச் சார் கேப்டன் தேர்வுக்கு எழுந்து நின்றார். விழுந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி விழுந்தார்.

இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான். வானேறும் நேரத்தில் தேர்வாளர் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஓர் எஞ்சினை அணைத்துவிடுவார். ஓடுபாதையில் நிற்கக்கூடிய வேகம் தாண்டிவிட்டால் ஒற்றை எஞ்சினோடு மேலே போயே ஆக வேண்டும். செத்த எஞ்சின் பக்கம் மூக்கு இழுக்கும். எதிர்ப்பக்கக் காலை மிதித்து நேராக்க வேண்டும். உயரம் வந்ததும் எந்த எஞ்சின் செத்தது என்று பார்த்து அதை முழுதாக நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் கேப்டன் கையை வைத்து, "இதுதானே?" என்று கேட்பார். துணை விமானி பார்த்து, "ஆமாம்" என்பார். இதுதான் முறை.

கிளட்ச் சாருக்குத் துணை விமானி கிடையாது. அதனால் இரண்டு பேருக்கும் அவரே பேசினார். தடித்த குரலில், "வலது எஞ்சின். சரியா?" மெல்லிய குரலில், "சரி கேப்டன்!" லீவரை இழுத்தார். ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சின் நின்றது. செத்தது ஏற்கெனவே செத்திருந்தது. அப்புறம் ஒரே அமைதி.

"உங்க துணை விமானி ஒரு ஆமாம் சாமி சார்" என்றார் தேர்வாளர். "அடுத்த தடவை வேற யாரையாவது உட்கார வைங்க. மூணாவதும் போனா, ஒரு வருஷத்துக்குச் சின்ன விமானம்தான். விதி அப்படி."

அந்த ஒரு வருடம்கூடப் பெரிதில்லை. இந்தப் பேச்சை வாசலில் நின்று மனைவி கேட்டுவிட்டார், அதுதான் பெரிது. அவருக்கு மருந்துக்கடையில் வேலை. காலையிலிருந்து நின்ற காலோடு மத்தியானம் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் கொஞ்சம் படுக்கலாம் என்றால் அங்கே ஜெட் ஓடும்.

"ஏங்க, ஒரு பேச்சு. இந்தத் தடவை பாஸானா ரூம் உங்களுக்கு. ஃபெயிலானா எனக்கு. கட்டில் போட்டுக்கிறேன்."

"போட்டுக்கோ, போட்டுக்கோ! கேப்டனோட வாய்ச்சொல்" என்று மார்தட்டிவிட்டு அறைக்குள் போனவர் முதல் வேலையாக மகளைக் கூப்பிட்டார்.

பயிற்சிக்கு மகள் வந்தாள். பதிமூன்று வயது, வாய் மட்டும் முப்பது. தன் கைப்பேசியில் ஒரு சிவப்புப் பொத்தான் செய்து வைத்தாள். அதைத் தொட்டால் அப்பாவின் எஞ்சின்களில் ஒன்று அணையும்.

"எப்ப அணையும்னு தெரியக் கூடாது பாப்பா. அப்பதான் பயிற்சி."

"கவலைப்படாதீங்கப்பா. எனக்கே தெரியாது."

பொத்தான் பிறந்த நாளிலிருந்து வீட்டில் அதுதான் அரசாங்கம். துவைத்த துணியை எடுக்கவில்லையா? எஞ்சின் போச்சு. "நான் ஒண்ணும் குண்டா இல்லையே?" என்று மனைவி கேட்டதற்கு ஒரு கணம் யோசித்தாரா? எஞ்சின் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்க வந்தவர், "நானும் ஒரு தடவை அமுக்கவா?" என்று அமுக்கிவிட்டு ஏணியை மறந்து போனார்.

ஒருநாள் மகள் ஓடிவந்தாள். "அப்பா! வலது எஞ்சின் போனா நீங்க தப்பே பண்றதில்ல. இடது போனா ஒவ்வொரு தடவையும் நல்லதை நிறுத்துறீங்க. ஒவ்வொரு தடவையும்!"

"ஏன்?"

"நீங்க சொல்லுங்க. கால் உங்களோடது."

கிளட்ச் சார் குனிந்து காலைப் பார்த்தார். இடது எஞ்சின் செத்தால் வலது காலை மிதிக்க வேண்டும். வலது காலுக்குக் கீழே இருந்தது பிரேக். அந்தக் கால், அந்தப் பிரேக்கை எத்தனை வருடமாக எதற்காக மிதித்தது? தப்பு நடக்கிற இடத்தில்! கால் பாய்ந்தால் அங்கேதான் கோளாறு என்று உடம்பு முடிவுகட்டிவிடுகிறது. கை அதே பக்கம் ஓடி நல்ல எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது பிரேக் பழக்கம். வானம் மட்டும் வந்திருக்கிறது.

தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடுமா? தீரவில்லை. இடது செருப்பை மட்டும் போட்டுப் பார்த்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். இடது எஞ்சின் போனதும் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் வலது லீவரை இழுத்தது அந்தக் கை.

"பாப்பா, நீயே துணை விமானியா உட்காரு."

"இதுதானே?" என்று அவர் கேட்பார். "ஆமாப்பா, ஆமாப்பா" என்பாள் அவள், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னொரு ஆமாம் சாமி.

டிவியில் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஏரிக்குள் விமானம் மூன்றாவது தடவை இறங்கியபோது மகள்தான் சொன்னாள். "நமக்கு வேண்டியது உடனே ஆமான்னு சொல்ற ஆள் இல்லப்பா. எதைச் சொன்னாலும் முதல்ல இல்லன்னு சொல்ற ஆள்."

இருவரும் ஒரே நேரத்தில் ஹாலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே மனைவி சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மழை வருமா என்றால் "இல்ல" என்பார். அப்புறம்தான் வானத்தைப் பார்ப்பார். தலைவலி மாத்திரை இதுதானா என்று கடையில் கேட்டாலும் "இல்ல" என்பார். அப்புறம் அட்டையைத் திருப்பிப் படித்து, "இதுதான்" என்று கொடுப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் முதலில் "இல்ல" தான். அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நானா? ரூம் எனக்கு வேணும்னு கேட்ட ஆளையே பக்கத்துல உட்கார வைக்கிறீங்களே, மூளை இருக்கா உங்களுக்கு?"

"இல்ல" என்றாள் மகள், அப்பாவுக்குப் பதிலாக.

மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் பயிற்சியிலேயே போர் மூண்டது.

"வலது எஞ்சின். சரியா?"

"இல்ல."

"என்ன இல்ல? கால் சொல்லுதும்மா!"

"உங்க கால் சொல்றதைக் கேட்கவா நான் கண்ணை வச்சிருக்கேன்?"

"விமானத்தை ஓட்டுறது நானா நீயா?"

"ஓட்டுறீங்களா? ஏரி வருது பாருங்க."

வந்தது. மகள் வாயால் "தொபுக்!" என்றாள். அதற்குப் பிறகு வந்த பயிற்சிகளிலும் சண்டை ஓயவில்லை. அவருக்கு "இல்ல" என்ற சொல் காதில் விழுந்தாலே மீசை துடித்தது. வேலையில் அவர் மிதித்தால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லையே!

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. கிளட்ச் சார் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்து நாற்காலியில். மகள் பின்னால், தனக்குத்தானே "பயணிகள் பிரதிநிதி" என்று பதவி கொடுத்துக்கொண்டு. ஒலிபெருக்கியில் தேர்வாளரின் குரலும், அவருக்குப் பின்னால் பிஸ்கட் கேட்டு அழும் ஒரு குழந்தையின் குரலும் வந்தன.

"துணை விமானி யார் சார்?"

"என் வீட்டுக்காரம்மா."

"வணக்கம் மேடம்."

"வணக்கம் தம்பி. முதல்ல அந்தப் பிள்ளைக்கு பிஸ்கட்டைக் குடுங்க. நாங்க எங்கேயும் போயிடல."

பிஸ்கட் போய்ச் சேர்ந்தது. விமானம் கிளம்பியது. ஓடுபாதை டிவிக்குள் பாய்ந்து வந்தது. நிற்கக்கூடிய வேகம் தாண்டியதும் "போகலாம்" என்று சொல்லும்படி மனைவிக்குச் சொல்லியிருந்தார். அவர், "போங்க!" என்றார், குப்பை கொட்டப் போகச் சொல்லும் அதே குரலில்.

போனார். சக்கரம் தரையை விட்டது. அந்த நொடியில் மூக்கு இடது பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

தேர்வாளர் அணைத்தது இடது எஞ்சினை!

வலது கால் பிரேக்கில் பாய்ந்தது. மூக்கு நேரானது. சக்கரங்களை உள்ளே இழுத்தார். விமானம் முக்கி முனகி மேலே ஏறியது. உயரம் வந்தது. கை பறந்துபோய் ஒரு லீவரைப் பிடித்தது.

"வலது எஞ்சின். நிறுத்தப் போறேன். சரியா?"

"இல்ல."

எங்கோ ஒரு குழந்தை பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது.

கிளட்ச் சாரின் மீசை துடித்தது. கை லீவரை இறுக்கியது. கால், "இங்கேதான் தப்பு, இங்கேதான் தப்பு" என்று கத்தியது. பக்கத்தில் இருப்பவள் பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் அறை அவளுடையது என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருந்தும் இல்லை என்கிறாள். பயிற்சிக் காரில் தான் மிதிக்கும்போது ஓட்டுகிறவர் என்ன செய்வார்? கையை எடுத்துவிட்டுச் சாலையைப் பார்ப்பார்.

அவர் கையை எடுத்தார்.

"பார்த்துச் சொல்லும்மா."

மனைவி முன்னால் சாய்ந்து டிவியில் எஞ்சின்களின் வேகம் காட்டும் இரண்டு முட்களின் மேலும் விரலை வைத்தார், மருந்து அட்டையைப் படிப்பதுபோல. "இது ஓடுது. இது படுத்துக் கிடக்கு. படுத்திருக்கிறதை நிறுத்துங்க. ஓடுற பிள்ளையை விடுங்க."

"அப்ப இடது எஞ்சின். சரியா?"

"சரி."

அந்தச் சொல் அவர் காதுக்குத் தேனாக இருந்தது. இடது லீவரை இழுத்தார். வலது எஞ்சின் தனியாளாகக் குடும்பத்தைத் தாங்கியது. சுற்றி வந்து, ஓடுபாதையைப் பிடித்து, ஒரு துள்ளு துள்ளி இறங்கினார்கள். "தவளை!" என்று கத்தினாள் பயணிகள் பிரதிநிதி. "பயணிகள் எல்லாரும் உயிரோட இருக்கோம்!"

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "கேப்டன், உங்க கை மறுபடியும் தப்பான லீவருக்குத்தான் போச்சு."

கிளட்ச் சாருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆனா அதுக்காகத்தான் ரெண்டு இருக்கை வச்சிருக்காங்க. கை போறது தப்பில்ல சார். சொன்னப்புறமும் இழுக்கிறதுதான் தப்பு. போன தடவை உங்க பக்கத்துல ஆமாம் சாமி உட்கார்ந்திருந்தார்..."

"இந்தத் தடவை சாமியே உட்கார்ந்திருக்கு" என்றாள் மகள்.

"பாஸ்" என்றார் தேர்வாளர், சிரிப்பை அடக்க முடியாமல்.

கிளட்ச் சார் எழுந்து ஆடிய ஆட்டத்தில் மேசை ஒரு முழம் நகர்ந்தது. மகளைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, அவள் அவரைத் தூக்கினாள். மூச்சு வாங்க மனைவி முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, சும்மா இருந்திருந்தா ரூம் உனக்குத்தானே? ஏன் சொன்னே?"

"கண்ணு முன்னாடி ஒருத்தர் மாத்தி மருந்து எடுத்தா நான் வேடிக்கை பார்ப்பேனா? உள்ள அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க."

"உள்ள யாரும் இல்லம்மா. அது டிவி."

"இருக்கட்டுமே."

"ரூமை நீயே வச்சுக்கோ" என்றார்.

"இல்ல."

கிளட்ச் சார் காத்திருந்தார். மனைவி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்: மேசை, டிவி, பிரேக் பலகை, ஜன்னல். "மேசையை இப்ப தள்ளின இடத்துலயே விட்டுடுங்க. இந்தப் பக்கம் கட்டில் போட இடம் வந்துடுச்சு. ஜன்னல் எனக்கு. வானம் உங்களுக்கு."

மறுநாளே கட்டில் வந்துவிட்டது. மத்தியானம் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கேப்டன் முழு வேகத்தில் வானேறிக்கொண்டிருந்தார். ஹாலில் மகளுக்குப் பொழுது போகவில்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டாள்.

மூக்கு திரும்பியது. கால் பாய்ந்தது. கை பறந்தது, பாதி வழியில் நின்றது.

"வலதும்மா. சரியா?"

"இல்ல" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமலே. அப்புறம் கட்டில் கிரீச்சிட்டது. "இருங்க, பார்க்கிறேன்."