மணல் கிடந்த வளைவு

தொண்ணூறுகளில், வால்பாறை மலையேறி அதே பாதையில் இறங்கும் சைக்கிள் பந்தயத்துக்கு முதலுதவி ஜீப்பில் போயிருந்தேன். நெட்டையான ஒருவர், முன்னால் போன சிவப்பு பனியன்காரரின் பின்சக்கரத்தை ஒட்டியே, எதிர்காற்றுப் படாமல் மிதித்தார். மூச்சு முட்டும் ஏற்றத்திலும் மெல்லச் சீழ்க்கையடித்தார்.

இறக்கத்தில் ஒரு வளைவில் சிவப்பு பனியன்காரர் சறுக்கிப் பாறையில் மோதினார். நெட்டையர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் பனியனைக் கழற்றி அவர் தலையில் அழுத்திப் பிடித்தார்.

“நல்ல மனசுங்க உங்களுக்கு,” என்றேன்.

“இல்லீங்க. இங்க மணல் கெடக்கறதை ஏறும்போதே பாத்துப்போட்டேன். இவரு சறுக்கி விழுவாருன்னு தெரிஞ்சுதானுங்க முன்னால உட்டேன்.”

அடிபட்டவரை ஜீப்பில் ஏற்றினோம். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நெட்டையர் தலை நிமிரவே இல்லை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரும்வரை பிடித்த கையையும் எடுக்கவில்லை.

அடிபட்டவர் பிழைத்தார். தன்னைக் காப்பாற்றியவர் என்று நெட்டையரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.