ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்

சாஃப்ட்வேர் எழுதுற பொழப்புல கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுறது கம்மி, பக்கத்து சீட்டு ஆளோட மல்லுக்கட்டுறதுதான் ஜாஸ்தி. என்னை மாதிரியே இதுல வந்து மாட்டிக்கிட்டவங்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காக ரெண்டு வரி: ஆளுங்க உக்காந்து தட்டுற இடம் ஸ்கிரீன். தட்டினதெல்லாம் போய்ச் சேர்ற இடம் டேட்டாபேஸ். "ஸ்டாக் இல்லாத சரக்கை விக்காதே"ன்னு ஒரு ரூல் இருந்தா, அதை ஸ்கிரீன்ல வச்சு வாசல்லயே மறிக்கிறதா, டேட்டாபேஸ்ல வச்சு உள்ள மறிக்கிறதா? கடலூரு செம்மண்டலத்துல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல நானும் இளங்கோவும் போட்டிருக்கற குட்டி ஆபீஸ்ல வருஷம் பூரா இதே சண்டைதான். நான் டேட்டாபேஸ் கட்சி. எனக்குத் தம்பி வயசு அவனுக்கு, ஆனா வாய் பெருசு, அவன் ஸ்கிரீன் கட்சி.

சும்மா குடுத்த முந்திரி

பண்ருட்டியில ஒரு முந்திரி மண்டிக்கு பில்லு போடுற சாஃப்ட்வேர் செஞ்சோம். கொள்முதல் விலைக்குக் கீழ ஒரு கிராம் கூட வெளிய போகக்கூடாதுன்னு மண்டிக்காரரு முதல் நாளே கறாரா சொல்லிட்டாரு. எனக்கு ஒரே குஷி. ரூலை டேட்டாபேஸ்ல வச்சு இறுக்கிப் பூட்டினேன். எந்த ஸ்கிரீன்ல இருந்து வந்தாலும் சரி, யாரு தட்டினாலும் சரி, விடாது.

அந்த வாரமே அவரு வீட்டு சம்பந்தி மண்டிக்கு வந்திருக்காரு. இவரு நல்ல முழு முந்திரியா எடுத்துப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு, ஸ்டாக்ல கழியணுமேன்னு விலையில சைபர் போட்டு பில்லு அடிக்கச் சொன்னாரு. சாஃப்ட்வேர் முடியாதுன்னுடுச்சு. மறுபடியும் அடிச்சாங்க, மறுபடியும் முடியாது. பாவம் அந்த சம்பந்தி, பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போறதா வச்சிட்டுப் போறதான்னு தெரியாம நடுக்கடையில நிக்கிறாரு. மண்டிக்காரரு போன்ல கத்தின கத்து கீழ மெடிக்கல் ஷாப் வரைக்கும் கேட்டிருக்கும்: "என் மண்டியில, என் முந்திரிய, என் சம்பந்திக்குக் குடுக்க எனக்கே நோ சொல்ற மிஷினை நான் எதுக்கும்மா வாங்கணும்?"

ஸ்கிரீன் கட்சி ஆட்சிக்கு வந்தது

அடுத்து வந்தது சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபம். புக்கிங் சாஃப்ட்வேர் கேட்டாங்க. என்ன ரூல்னு ஓனரைக் கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம், அவ்ளோதான்"ன்னு சொல்லிட்டு டீ வரவழைச்சாரு. இதையாவது டேட்டாபேஸ்ல வைப்போம்டா, ஒரு தேதிக்கு ரெண்டாவது பேரு உள்ளயே நுழையாதுன்னு இளங்கோகிட்ட கெஞ்சினேன். அவன் வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னான்: முந்திரி. ரூல் மண்டபத்து கவுண்டர் ஸ்கிரீனுக்குப் போயிடுச்சு.

ஜோரா ஓடுச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குள்ள இளங்கோவுக்கே கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு கயல்விழி, பிச்சாவரம் பக்கத்துல ஸ்கூல் டீச்சர். ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல முகூர்த்தம். எந்த மண்டபம்னு கேக்கணுமா? கவுண்டருக்குப் போயி, அவன் எழுதின ஸ்கிரீன்ல அவன் பேரை அவனே தட்டிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க. "பாத்தியாக்கா, உன் பூட்டு இல்லாமலே என் கல்யாணம் நடக்கப் போவுது."

பின்பக்கமா வந்த பேரு

ஓனரோட மருமக பாண்டிச்சேரியில இருக்காங்க. அங்க இருந்தே புக்கிங் எடுக்கணும்னு வேற யாரையோ வச்சு போன்ல ஒரு ஆப் செஞ்சிருக்காங்க. அது கவுண்டர் ஸ்கிரீன் பக்கமே வராது, நேரா டேட்டாபேஸ்ல போயி எழுதிடும். எங்ககிட்ட யாரும் மூச்சு விடல. பத்திரிகை எல்லாம் குடுத்து முடிச்சப்புறம் ஒரு நாள் மண்டபத்து மேனேஜர் போன் பண்ணாரு. "ஸ்கிரீன்ல அந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு பேரு காட்டுது, என்னான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு.

இளங்கோ மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. கடலூரு, சிதம்பரம்னு தெரிஞ்ச மண்டபத்துக்கெல்லாம் போன் போட்டான். நல்ல முகூர்த்த நாள்ல எவன் காலியா வச்சிருக்கான்? இத்தனை வருஷம் இவன் தோக்கணும்னு காத்துக்கிட்டிருந்தவ நான். சத்தியமா சொல்றேன், ஜெயிச்ச சந்தோஷம் துளி கூட வரல. அவன் தலையில கை வச்சுக்கிட்டு சொன்னான்: "உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்க்கா, இப்ப கயலு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மூணு மணிக் கணக்கு

மறுநாள் காலைல பஸ்ஸப் பிடிச்சு சிதம்பரம் போனோம். கயல்விழியும் விஷயம் தெரிஞ்சு நேரா மண்டபத்துக்கே வந்துடுச்சு. எங்க மூணு பேரையும் பாத்து ஓனருக்கு ஒண்ணும் புரியல. "அந்த ரெண்டாவது பேரு ரிசப்ஷன்மா. காலைல கோயில்ல தாலி கட்டிட்டு, சாயங்காலம் சாப்பாடு மட்டும் இங்க. உங்களுக்கு சனிக்கிழமை மத்தியானம் மூணு மணியிலேருந்து ஞாயித்துக்கிழமை மூணு மணி வரைக்கும். அவுங்க அதுக்கப்புறம்தானே வர்றாங்க? மண்டபத்துல ஒரு நாள்னா மூணுலேருந்து மூணும்மா. எல்லா மண்டபத்துலயும் அப்படித்தான்!"

இளங்கோ அங்க கிடந்த பிளாஸ்டிக் சேர்ல பொத்துன்னு உக்காந்துட்டான். எனக்கு சிரிப்பும் வருது, வெக்கமும் பிடுங்குது. நான் ஆசைப்பட்ட பூட்டைப் போட்டிருந்தா அந்த ரிசப்ஷன்காரங்களைக் காரணமே இல்லாம திருப்பி அனுப்பியிருக்கும். ரெண்டு கட்சியும் தேதியத்தான் நாள்னு நெனச்சிருக்கோம். நாங்க பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்ன கயல்விழி, கிளாஸ்ல பசங்களை எழுப்பிக் கேள்வி கேக்குற அதே குரல்ல கேட்டுச்சு: "ரூலை எங்க வைக்கிறதுன்னு இத்தனை வருஷமா அடிச்சிக்கிட்டீங்களே, ரூல் என்னான்னு ரெண்டு பேர்ல யாராவது முழுசாக் கேட்டீங்களா?"

மூணு மணி ரூல் இப்ப டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு, சம்பந்திக்கு முந்திரி குடுக்குற ரூல் ஸ்கிரீன்ல இருக்கு, இளங்கோ வீட்டு ரூல் மொத்தமும் யாருகிட்ட இருக்குன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?