அண்ணன் பெயருக்கு வந்த கடிதம்

சென்ற மாதம் என் வீட்டு அஞ்சல் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. நான் ஓட்டும் காரைத் தயாரித்த நிறுவனம் எழுதியது. பிரேக்குக்குச் செல்லும் குழாய் ஒன்று, பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் ஓடி ஓடி அரித்துப்போகக்கூடும். அரித்துப்போனால் வண்டி நிற்காமல் போகலாம். நிற்காமல் போனால் விபத்து நேரலாம். மூன்றே வாக்கியங்கள். பிழை எங்களுடையது, மாற்றித் தருவதும் எங்கள் பொறுப்பு என்று கீழே ஒரு பத்தி. கனடாவில் இதற்கு ‘ரீகால்’ என்று பெயர். ஹாமில்டன் நகருக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வரும் மூன்றாவது ரீகால் கடிதம் இது. பக்கத்து வீட்டுக்காரர் இவற்றைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார். நான் ஒவ்வொரு முறையும் பனியில் நின்றபடியே இருமுறை படிக்கிறேன். உன்னைக் கொல்லக்கூடிய ஒன்றை உனக்கு விற்றுவிட்டேன் என்று ஒருவர் இத்தனை பணிவாக எழுத முடியும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

குறித்த நாளில் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். இந்தக் குழாயால் யாருக்கேனும் ஏதேனும் நேர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். “கவலை வேண்டாம் சார், உங்களுக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை” என்றாள். காரை நான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் கடிதம் யாருக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். நான் விற்க நினைப்பதாக எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் வரிசையாக நின்ற புதிய வண்டிகளைக் கையால் காட்டினாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, பிறகு பொறுமையாக விளக்கினாள். இப்போது யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ, அவரைத் தேடிப் பிடித்துவிடுவார்களாம். “பெயரை மாற்றாமலே கொடுத்திருந்தால்?” என்றேன். “அப்படி யாரும் செய்யமாட்டார்கள் சார்” என்று சிரித்துவிட்டு, காபி இயந்திரம் இருக்கும் மூலையைக் காட்டினாள்.

அப்படிச் செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டில் குடியிருந்தபோது, வாழ்நாளின் முதல் காரை வாங்கினேன். ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகங்களின் வலிமை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். இரண்டு ஆண்டுகளில் கனடாவில் வேலை அமைந்தது. ஐம்பதை நெருங்கிய வயதில் மனைவியுடன் நாடு மாறினேன். காரைத் தம்பி கண்ணனிடம் விட்டேன். அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன்; அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியன். போவதற்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றிவிடலாம் என்று சொன்னேன். “இன்னாத்துக்குண்ணா? உங்க பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு வந்து எறங்குனா உங்க வண்டிலதான் நீங்க வூட்டுக்கு வரணும்” என்றான். நம் பக்கத்தில் இதை யாரும் பிழையாகக் கருதுவதில்லை. அண்ணன் வண்டியைத் தம்பி தன் பெயருக்கு எழுதிக்கொண்டான் என்பதே குறையாகப் பேசப்படும். நானும் வற்புறுத்தவில்லை. ஊரை விட்டுப் போகிறவனின் பெயர் ஊர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது.

கடிதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே புறப்பட்டேன். என் பெயருக்கு வருவதை எடுத்து வை, வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் தந்தை முன்பே இறந்துவிட்டதால் கண்ணனைப் படிக்கவைத்தது நான். என் பெயர் எழுதிய உறையை அவன் தன் ஆயுளில் ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. பிரிப்பது மரியாதை அன்று என்பது அவன் எண்ணம். அதை நான் திருத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. ஒரு சனிக்கிழமை, உடன் பணிபுரிந்தவர் வீட்டுத் திருமணத்துக்காகக் கண்ணன் மாமல்லபுரம் போனான். பந்தி முடிந்து, நல்ல வெயிலில், தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால் சாலை இடப்பக்கம் வளைகிறது. வண்டி வளையவில்லை. நேரே சென்று சிறுபாலத்தின் கல்சுவரில் மோதியது. எதிரில் வேறு வாகனம் இல்லை. வேறு எவருக்கும் காயமில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தான். காவல் நிலையத்தில் எழுதிய முதல் தகவல் அறிக்கையில், ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் இருந்தது. ஓட்டியவரே இறந்த வழக்குகளில் அது எப்போதும் எழுதப்படுகிற தொடர்தான் என்று எழுத்தர் என்னிடம் சொன்னார். ஆறுதலாகவே சொன்னார்.

நான் வந்து சேர்வதற்குள் எரியூட்டி முடிந்துவிட்டது. காரியத்துக்கு முந்தைய நாள், வண்டியைப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் ஏழுமலையை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றேன். தொடக்கத்திலிருந்து அந்தக் காரைப் பார்த்துவந்தவர் அவர்தான். அறிக்கையில் உள்ளதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வாத்தியாரா? அதிவேகமா? இன்னா சார் நீங்க! அவரு போற போக்குக்கு மாட்டுவண்டிக்காரன்கூட ‘தள்ளிக்கோ நைனா’ன்னு சொல்லிகினு முன்னாடி பூடுவான். எங்க ஷெட்டுல அவருக்கு நாப்பது வாத்தியார்னுதான் பேரு. முள்ளு நாப்பதத் தாண்டி நான் பாத்ததே இல்ல.”

பேசியபடியே வண்டிக்கு அடியில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முட்டு. இரண்டாக முறிந்திருந்தது.

“பாத்தீங்களா? பாதி எப்பவோ உட்டுகினு கீது. மேல ரப்பர் மூடி கீது, வெளியேர்ந்து எவனுக்கும் தெரியாது. மீதி அன்னிக்குப் பூட்ச்சு.”

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. உலோகம் முறிந்த பரப்பில் ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது. மறுபாதி சாம்பல் நிறத்தில் புதிதாக மினுங்கியது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்த விரிசல். இத்தகைய முறிவுகளைப் படம் பிடித்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். கண்ணன் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறான். அவன் கையோடு அது திரும்பியிருக்கிறது. சக்கரம் மட்டும் திரும்பவில்லை.

“கம்பெனிலேர்ந்து எதுனா லெட்டர் வந்துச்சா சார்?” என்றார் ஏழுமலை. “காஞ்சிபுரத்துல ஒர்த்தருக்கு வந்துச்சாம். எட்த்துகினு போனாரு, சும்மாவே மாத்திக் குட்த்துட்டானுங்களாம்.”

அப்படி எதுவும் வரவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். கண்ணன் ஒழுங்கானவன், வந்திருந்தால் போயிருப்பான்.

மறுநாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு, தம்பியின் மனைவி மாலதி ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கணவனின் அண்ணனை மாமா என்று அழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். “உங்க லெட்டருங்க மாமா. தேதிவாரியா அடுக்கி வச்சிருந்தாரு” என்றாள். வங்கி, காப்பீடு, கல்லூரியின் பழைய மாணவர் சங்கம். கட்டின் கடைசிப் பகுதியில், கார் நிறுவனத்தின் முத்திரை அச்சிட்ட நீள உறை. என் முழுப்பெயர், பட்டங்களுடன். அஞ்சல் முத்திரையின்படி அது வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

“இது வந்தப்ப நான்கூடச் சொன்னேன், கார் கம்பெனி ஆச்சே, பிரிச்சுப் பாக்கலாமேன்னு. ‘அண்ணன் பேருக்கு வந்ததும்மா, அண்ணன் வந்து பிரிப்பாரு’ன்னுட்டாரு” என்றாள் மாலதி. அந்த நினைவில் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

பிரித்தேன். ஆங்கிலக் கடிதம். மதிப்புக்குரிய வாடிக்கையாளரே என்று தொடங்கியது. எங்கள் சிறப்பு இலவசப் பரிசோதனை முகாமுக்குத் தங்களை அன்புடன் அழைக்கிறோம்; ஒரு முன்னெச்சரிக்கையாக, ஸ்டீயரிங் இணைப்பு ஒன்றைக் கட்டணமின்றி மாற்றித் தருகிறோம்; முகாம் நடைபெறும் நாட்கள் இவை. விரிசல் என்ற சொல் அதில் இல்லை. விபத்து என்ற சொல் இல்லை. நம் நாட்டில் அந்நாளில் ரீகால் என்று எதுவும் கிடையாது. முகாம்கள்தாம் நடந்தன.

“இன்னா போட்டிருக்கு மாமா?”

அந்தக் கேள்விக்கும் என் விடைக்கும் இடையில் இரண்டு மூச்சு விடும் நேரம் இருந்தது. படித்தவன் என்று ஊரார் என்னை அழைத்ததற்கெல்லாம் அந்த இடைவெளியில்தான் நான் பொருள் காட்டியிருக்க வேண்டும். “விளம்பரம்மா. புது மாடல் வந்திருக்காம்” என்றேன்.

அவளுக்காகவே பொய் சொன்னதாக அன்று நம்பினேன். நான்கு மாதம் அலமாரியில் கிடந்த உறை ஒன்று கணவனைக் காப்பாற்றியிருக்கும் என்று தெரிந்தால், தான் இன்னும் ஒருமுறை வற்புறுத்தாமல் போனதை எண்ணியே அவள் அழிந்துபோவாள் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அவள் தலையசைத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப வண்டில கோளாறு ஒண்ணும் இல்லியா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாத்தீங்களே?”

“ஒண்ணும் தெரியலம்மா.”

“அப்ப வேகமாத்தான் வந்திருக்காரு.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான்தான் மாமா சொன்னேன். பாப்பாவ நாலு மணிக்கு டியூஷன்ல விடணும், அதுக்குள்ள வந்துருங்கன்னு. மண்டபத்துக்குப் போன் பண்ணி, பந்தில உக்காந்திருந்தவரக் கூப்புட்டு, எப்ப வருவீங்க எப்ப வருவீங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். என்னாலதான் அவசரப்பட்டிருக்காரு.”

அந்த நொடியில் உறையை அவள் முன் வைத்திருக்க வேண்டும். என்மேல் விழ வேண்டிய பழி அவள்மேல் விழுவதை இரு கண்ணால் பார்த்தேன். அப்படியெல்லாம் நினைக்காதேம்மா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஏழுமலையைச் சந்தித்து, முறிந்த அந்த முட்டு பற்றி வீட்டில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “பட்ச்சவங்க நீங்க. நீங்க சொன்னா சரி” என்றார். அதன்பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடிதத்தை என்னோடு கனடாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒருமுறை பதில் வந்தது. முகாம் முடிந்துவிட்டது என்றும், பங்கேற்பது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றும் தெரிவித்திருந்தார்கள். உரிமையாளர் நான். வழக்கை மறுபடி திறக்க வழி உண்டா என்று செங்கல்பட்டில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். திறந்தால் இறந்தவரின் மனைவி வாக்குமூலம் தர வேண்டும் என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். ஆகவே அரசாங்கத்தின் காகிதத்தில் என் தம்பி இன்றும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியவனாகவே இருக்கிறான். அதைப் பொய்யென்று காட்டும் ஒரே காகிதம் ஹாமில்டனில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இது அச்சாகப்போகும் இதழ் செங்கல்பட்டுப் பேருந்து நிலையக் கடையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாலதிக்கு இதழ்கள் படிக்கும் பழக்கம் இல்லை. யாராவது படித்துவிட்டு அவளிடம் சொல்லக்கூடும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேனா, சொல்லமாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேனா என்பது எனக்கே தெளிவில்லை. என்னைப்போல் ஊரில் ஒரு வண்டியை, ஒரு வீட்டை, ஒரு பெயரை விட்டுவிட்டு வந்தவர்கள் படித்தால் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிரேக் குழாயை மாற்றிக்கொண்டு வந்த வாரத்தின் ஞாயிறு காலை, மாலதியை அழைத்தேன். அங்கே மாலை. கண்ணனின் மகள் கயல்விழி படூரில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது.

“கார் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா மாமா. நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொல்லுங்க. என் பேச்சு எடுபடல. அவங்கப்பா ரத்தம்தானே, வேகமாத்தான் ஓட்டுவா.”

கண்ணனின் ரத்தத்தில் வேகம் இருந்தது என்று, அவனோடு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவள் சொன்னாள். “மாலதி” என்று தொடங்கினேன். அவள் நிறுத்தவில்லை.

“தெனம் சாயங்காலம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகினே இருக்கேன். ஆனா போன் பண்ணி எப்ப வருவேன்னு கேக்க மாட்டேன். அன்னிலேர்ந்து யாரையும் கேக்கறதில்ல மாமா. கேட்டா அவசரப்பட்டுக் கெளம்புவாங்க. உங்களக்கூட நான் கேட்டதில்ல, பாத்தீங்களா?”

உண்மைதான். ஊரில் எவருடன் பேசினாலும் இரண்டாவது வாக்கியமாக வரும் அந்தக் கேள்வி, ஏழு ஆண்டுகளாக அவள் வாயிலிருந்து மட்டும் வந்ததில்லை. தம்பி போன பிறகு அந்த வீட்டுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். சில இரவுகளில் அதற்காக வருந்தியும் இருக்கிறேன்.

“மாமா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா” என்றேன். கடையில் வாங்கும் அழைப்பு அட்டைகளில் குரல் சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும். சில வேளைகளில் திரும்பியும் வந்துவிடும். அன்று வந்தது. செங்கல்பட்டு வீட்டுக் கூடம்வரை போய் மீண்ட என் குரல், ‘இருக்கேம்மா’ என்று என் காதிலேயே சொன்னது. அதற்குள் அங்கே மாலதி தொலைபேசியை வைத்துவிட்டாள்.