கொடி பிடித்த வழக்கு

என் கணவரின் வீட்டுக்கு ஊரில் கொடிக்காரர் வீடு என்று பெயர். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பட்டப்பெயர் இல்லாத வீடே கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் "ஆர் அது?" என்று கேட்பவர்கள்கூட, பட்டப்பெயரைச் சொன்னால் வாசல் படலைவரை கொண்டுவந்து விடுவார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நானும் கொடிக்காரரின் மருமகள். அந்தப் பெயரைப் பற்றி ரொறன்ரோவில் குளிரூட்டிய ஓர் அறைக்குள் இருந்துகொண்டு கேட்ட கேள்விகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பெயர் வந்த கதை இதுதான். கணவரின் பூட்டனாருக்கு இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று இருந்தது. பனைமரத்தில் அறுத்த சலாகையும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு காரைக்காலுக்குப் போவார், நெல்லும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே மனிதர் ஒரு வீடு வாங்கினார். வீட்டைப் பார்க்க ஒரு பெண்சாதியும் தேடிக்கொண்டார். (ஊரில் இருந்த பெண்சாதிக்கு இது எப்போது தெரியவந்தது என்று குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.) வீடும் வரியும் அங்கே இருந்தபடியால் பிரெஞ்சுக்காரன் அவருக்குத் தன் கொடியைக் கொடுத்தான். நீலம், வெள்ளை, சிவப்பு. அந்தக் கொடி பறந்தால் நடுக்கடலில் இங்கிலீஷ்காரன் கப்பலில் ஏறிச் சோதிக்க முடியாது. அதுதான் இங்கிலீஷ்காரனுக்குக் குத்தியது.

ஒருமுறை நம் கரைக்கு வந்து நங்கூரம் போட்டதும் சுங்கக்காரர் ஏறிக் கொடியை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு நடந்தது. பிறந்தது இலங்கையில், ஆகவே நீ இங்கிலீஷ் ராணியின் பிரசை, பிரெஞ்சுக்கொடி கட்டியது கள்ளம் என்றார்கள். குடியிருப்பு காரைக்காலில், கொடி தந்தவன் பிரெஞ்சுக்காரன், இதில் கள்ளம் எங்கே என்றார் இவர். அப்படியானால் உன் அடுப்பு எங்கே எரிகிறது என்று கோர்ட்டில் கேட்டார்களாம். அடுப்பு எந்த மண்ணில் எரிகிறதோ ஆள் அந்த மண்ணுக்குச் சொந்தம் என்பது அவர்கள் கணக்கு. "ஐயா, வருசத்திலை பாதி நாள் நான் கப்பலிலைதான் சோறு தின்னுறன். அடுப்பும் அங்கைதான் எரியுது" என்றாராம் பூட்டனார். உண்மையைத்தான் சொன்னார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கப்பலைக் கரையில் மறித்து வைத்தார்கள். வாடைக்காற்று வந்து போனது. பலகை வெடித்தது. கடைசியில் இங்கிலீஷ்காரனின் சிவப்புக்கொடியைக் கட்டச் சம்மதித்த பிறகே கப்பலை விட்டார்கள். அப்போது அது ஓடுகிற நிலையிலும் இல்லை. ஊர் சும்மா இருக்குமா? கொடி பிடிச்ச வழக்கு என்று சிரித்தது, கொடிக்காரர் என்று கூப்பிட்டது. நாலு தலைமுறை கடந்து நக்கல் தேய்ந்து பெயராகிவிட்டது.

அந்தப் பெயர்தான் என் கணவரை ஆமி முகாமுக்குள் கொண்டுபோய் விட்டது. சண்டை நடந்த காலம், சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். ஊரவர் ஒருவர், பாவம், அன்பாகத்தான் கூப்பிட்டார்: "கொடிக்காரர், இஞ்சாலை வாரும், உந்த வெயிலுக்கை நிக்காமல்." சிங்களத்திலும் கொடி என்றால் கொடிதான். இயக்கத்துக்குக் கொடி தூக்குகிறவர் என்று நினைக்கப் பக்கத்தில் நின்ற ஆமிக்காரனுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எந்தக் கொடி, யாருடைய கொடி என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். பூட்டனாரின் கப்பல் கதையை அடிக்கிறவனுக்கு எந்தப் பாஷையில் சொல்வது? வெளியே வந்த மனிதருக்கு வலது தோள் இன்றுவரை மேலே எழும்பாது.

அதற்குப் பிறகு நாங்கள் இங்கே வந்தோம். அவர், நான், மகள். தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்ட்டின் பதினோராம் மாடியில் இருந்தபடி அகதி வழக்குக்குக் காத்திருந்தோம். அவரை நம்பினால் மூன்று பேரும் இருக்கலாம். நம்பாவிட்டால் மூன்று பேரும் திரும்பிப் போக வேண்டும்.

விசாரணை அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்களுக்குப் பின்னால் சிவப்பு இலை போட்ட கொடி. மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். கோட்டும் டையுமாக, மரியாதையான மனிதர். எங்கள் தமிழ் ஒன்றுவிட்டு ஒன்றுதான் அவருக்குப் பிடிபட்டது. "சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இருக்கிறது.

ஆமி ஏன் உங்களைப் பிடித்தது என்று கேட்டார்கள். என் கணவர் உள்ளதைச் சொன்னார்.

"எங்களைக் கொடிக்காரர் எண்டு சொல்லுறது. முந்தி எங்கடை பூட்டன்ரை காலத்திலை கொடி பிடிச்ச வழக்கு ஒண்டு நடந்தது. அதாலை வந்த பேர்."

எங்கள் ஊரில் சுங்கம் பிடித்தது என்றால் பறித்தது என்று பொருள். கள்ளச் சரக்குப் பிடிச்சது, படகு பிடிச்சது, கொடி பிடிச்சது. தமிழ்நாட்டில் கொடி பிடிப்பது என்றால் கட்சிக்காகத் தெருவில் இறங்குவது. மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்ததை இங்கிலீஷில் சொன்னார்: இவருடைய குடும்பம் பரம்பரையாகக் கொடி தூக்கிய குடும்பம், அதற்காக வழக்கும் நடந்தது, அதனால் ஊரில் இவர்களுக்குக் கொடிக்காரர் என்று பெயர்.

எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது, "ஹோல்ட்" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது, மிச்சமெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் அந்த ஆண் எழுதிக்கொண்டிருந்த கை நின்றதைப் பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை.

எந்தக் கொடி என்று அந்த ஆண் கேட்டார். முகாமில் கேட்ட அதே கேள்வி! இங்கே அடி மட்டும் இல்லை.

"பிரெஞ்சுக்கொடி" என்றார் என் கணவர்.

மொழிபெயர்ப்பாளர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள். அவளுடைய நாட்டில் ஒரு மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர் பிரிந்து போவதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் ரீவியில் சண்டை. ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு தமிழன் பிரெஞ்சுக்கொடி என்றால் சிரிப்பு வராதா! ஆண் சிரிக்கவில்லை. விளையாடுகிறீர்களா என்று கேட்டார். என் கணவர் பூட்டனாரின் கப்பல் கதையைச் சொன்னார், அதுவும் பாதிதான் இங்கிலீஷில் போனது. பிறகு, சுங்கத்திலிருந்து தப்புவதற்காக வேறு நாட்டுக் கொடியைக் கட்டியதாகச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் உங்கள் குடும்பத்துக்குச் சட்டத்தை ஏமாற்றிப் பழக்கம் உண்டா என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் ஒன்றாகக் கொட்டினேன்: "நோ ஹோல்ட்! கட்ச்! கஸ்ரம்ஸ் கட்ச் ஃபிளாக்!" கொடியைச் சுங்கம் பறித்தது என்று சொல்லப் பார்த்தேன். இருங்கள், இல்லாவிட்டால் வெளியே போங்கள் என்றார்கள். "நீர் இரும்" என்று என் கணவரும் என் சேலையைப் பிடித்து இழுத்தார். இருந்தேன்.

நம்ப முடியாத கதை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்தில் கீறிய படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். முழுச் சிவப்பு, மூலையில் இங்கிலீஷ்காரனின் கோடுகள், பக்கத்தில் ஒரு கேடயம். "அம்மா, திஸ் வோஸ் கனடாஸ் ஃபிளாக் பிஃபோர்" என்றாள். மூலைக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கேடயம் ஒன்றைத் தவிர, பூட்டனாரின் கப்பலில் கட்டாயப்படுத்திக் கட்டிய அதே சிவப்புத்துணி. இவர்களும் அதன் கீழேதான் இருந்திருக்கிறார்கள். பிறகு வேண்டாம் என்று கழற்றிவிட்டுத் தங்களுக்குப் பிடித்த இலையைப் போட்டிருக்கிறார்கள். இலைக்கொடியைவிட என் கணவருக்கு வயது கூட! ஒரு நாடு தன் கொடியை மாற்றினால் அது பெருமை. ஒரு கப்பல்காரன் மாற்றினால் அது கள்ளம்.

மொழிபெயர்ப்புப் பிழை என்று காட்டி மேலே போனதில் இன்னொரு விசாரணை கிடைத்தது. வழக்கறிஞர் வெள்ளைக்காரர், அவருடைய கந்தோரில் வேலை செய்த தமிழ் அண்ணை ஒருவர்தான் எங்களை இருத்திப் புத்தி சொன்னார்.

"இந்த முறை உந்தக் கொடிக் கதையை விடும்" என்றார்.

"அதை விட்டால் ஆமி ஏன் பிடிச்சது எண்டு என்னெண்டு சொல்லுறது?" என் கணவர் கேட்டார்.

"சும்மா பிடிச்சது எண்டு சொல்லும். தமிழன் எண்டு பிடிச்சது. அதை நம்புவினம்."

காரணம் இருந்தால் நம்பமாட்டார்கள், காரணமே இல்லாவிட்டால் நம்புவார்கள். நான் அந்த அண்ணையோடு சண்டை பிடித்தேன். என் கணவர் பிடிக்கவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். கொடி பிடிச்சது என்றால் என்னவென்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். விளங்க வேண்டிய தேவையே வரவில்லை. தொடக்கத்திலேயே, உங்களை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதுண்டா என்று கேட்டார்கள். படிவத்தில் இருக்கிற வழக்கமான கேள்விதான்.

என் கணவர் "இல்லை" என்றார்.

ஏற்றுக்கொண்டார்கள். வாசலில் அந்தத் தமிழ் அண்ணை கை குலுக்கினார். நானும் சிரித்தேன், சந்தோசப்பட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பூட்டனாராவது கப்பல் பலகை வெடிக்கும்வரை வழக்காடினார் என்ற நினைப்பு பஸ்ஸில் வரும்போதே வந்துவிட்டது.

சில மாதம் கழித்து, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். கார்கள் நிற்கிற இடத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"அட! கொடிக்காரர்!"

ஊர்க்குரல். கையை ஆட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். என் கணவர் திரும்பவில்லை. சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு காரை நோக்கி விறுவிறு என்று போனார். வந்தவரின் கை பாதியில் நின்றது.

"மன்னிக்கோணும் தங்கச்சி, ஆள் மாறிப்போச்சு போலை."

"மாறேல்லை அண்ணை!" நான் போட்ட சத்தத்தில் பிளாசாவில் நின்ற முக்கால்வாசித் தமிழர் திரும்பிப் பார்த்தார்கள். "கொடிக்காரர்தான். நான் கொடிக்காரற்றை மருமோள்!"

காருக்குள் ஏறியதும் என் கணவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏன் கத்தினனீர்? நிரந்தரமா இருக்கத் தாற லாண்டட் பேப்பர் இன்னும் வரேல்லை."

"கொடியை இறக்கினது நீங்கள்" என்றேன். "நான் இறக்கேல்லை."

சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்ட கையோடு, காரை ஸ்டார்ட் பண்ணாமல் அவர் அப்படியே இருந்தார்.