யார் கையில் யார் நாடி

அந்தப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியைக்குத் தனி அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, குனிந்தால்தான் நிற்க முடிகிற ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். காற்று இறங்கிய பந்துகள், ஈரம் காயாத வலை, எடை பார்க்கும் இயந்திரம், பிளாஸ்டிக்கில் செய்த ஓர் இதயம். இதயம் நான்கு துண்டாகக் கழன்று வரும். ஒரு துண்டு தொலைந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. "நம்ம ஸ்கூலுக்கு முக்கா மனசுதான்" என்பார்கள் பிள்ளைகள்.

அவரை எல்லோரும் விசில் டீச்சர் என்றார்கள். விசில் கழுத்தில் தொங்குமே தவிர, அவர் அதை ஊதுவது அபூர்வம். பெரிய வீராங்கனை என்று சொல்ல முடியாது. கல்லூரியில் ஈட்டி எறிந்திருக்கிறார், சுமாராக. பாடம் நடத்துவதிலும் தனி மெருகு ஒன்றும் இல்லை. மேல்வகுப்புக்கு வாரம் ஒரு சுகாதார வகுப்பு. தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், கோபம் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போவார். ஆனால் கணக்கு டீச்சர் அந்தப் பீரியடைக் கேட்டு வந்தால் மட்டும் மசிய மாட்டார்.

"வட்டத்தோட சுற்றளவு எல்லாருக்கும் தெரியுது டீச்சர். தன் நெஞ்சு எதுக்கு அடிக்குதுன்னு ஒருத்திக்கும் தெரியலையே."

வருடத்துக்கு ஒருமுறை நாடி பார்க்கும் வகுப்பு உண்டு. மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, இருவர் இருவராக நின்று, ஒருத்தி கையை மற்றவள் பிடித்து எண்ண வேண்டும். கையை எங்கே, எந்த விரலால் பிடிப்பது என்பதை அதற்கு முந்தின வகுப்பிலேயே சொல்லிவிடுவார். அன்று வராதவர்கள் தோழிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இளவயதில் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை என்பதை அந்த ஏற்பாடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் குருவிக்கு ஜோடியாக நின்றவள் ஏணி. குருவி பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். அடுத்த மாதம் ஒரு பெரிய போட்டிக்குப் போக இருந்தாள். ஏணி உயரமானவள், பேச்சு குறைவு. முந்தின வகுப்புக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. இரண்டு பேரும் ஓடி முடித்து மூச்சு வாங்க நின்றார்கள். ஏணி கை தூக்கினாள்.

"டீச்சர், குருவிக்கு நடுவுல நின்னு நின்னு வருது."

"நின்னு நின்னு வர நான் என்ன பஸ்ஸாடி?" என்றாள் குருவி.

விசில் டீச்சர் குருவியின் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் நின்றார். கடிகாரம் மாதிரி ஓடியது. "எப்படி வந்துச்சுன்னு சொல்லு" என்று ஏணியைக் கேட்டார்.

"டக்டக்குன்னு ஒழுங்கா வந்துச்சு. திடீர்னு ஒண்ணைக் காணோம். அதுக்கப்புறம் வந்தது மட்டும் ஓங்கி அடிச்சுது."

தெரியாத ஒருத்தி இதைக் கற்பனை செய்து சொல்ல முடியாது. பயிற்சிக் காலத்தில் அவர் படித்த விவரிப்பு அப்படியே அதுதான். இப்போது ஒழுங்காக இருக்கிறது என்பது எதற்கும் சாட்சியாகாது. இப்படிப்பட்டது வரும், போகும். அன்றே குருவியின் ஓட்டத்தை நிறுத்தினார். சலவைக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மாவை வரவழைத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. குருவியின் அம்மா நேராகப் பள்ளிக்கு வந்தார்.

"நல்லா இருக்காளாம் டீச்சர். சந்தோஷம். ஆனா இந்த ஒரு வாரமா இவ மூச்சு விடுறாளான்னு மூக்குல விரல் வெச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன். உங்க பாடத்தைப் படிச்சு என் ஆயுசு குறைஞ்சதுதான் மிச்சம்."

தலைமையாசிரியை குரல் உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை இப்படிப் பெத்தவங்க வந்து நின்னாங்கன்னா, அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன் டீச்சர். எனக்கும் வேற வழி இல்ல" என்றார்.

அன்று மாலை டீச்சரின் கணவர் கை நிறையப் பைகளோடு மாடி ஏறி வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடி மாதக்கணக்காகிறது. அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. மனைவி முகம் தொங்கியிருப்பதைப் பார்த்து, பைகளைக் கீழே வைத்துவிட்டு, வைத்தியர் மாதிரி அவர் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, உனக்கு ஏன் இப்படிப் படபடன்னு அடிக்குது? நாற்காலியிலதான உட்காந்திருக்க?"

"படி ஏறி வந்தது நீங்க. கட்டை விரலை வெச்சு அழுத்துறீங்க. அதுக்குள்ளயே ஒரு நாடி ஓடுதுங்க. இது என்னோடது இல்ல, உங்க…"

பாதியில் நிறுத்தினார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"என்னம்மா?"

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைங்க."

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஏணியைப் படிக்கட்டு அறைக்கு அழைத்தார். "அன்னிக்குக் குருவி கையை எப்படிப் பிடிச்ச? என் கையில பிடி" என்றார்.

ஏணி பிடித்தாள். கட்டை விரலால், இறுக்கமாக. அன்று அவள் எண்ணியது குருவியின் நாடியை அல்ல, தன்னுடையதை.

பிறரை அறிந்துவிட்டதாக நாம் சொல்லும் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஆனால் டீச்சருக்கு அதையெல்லாம் யோசிக்க அவகாசம் இல்லை. ஏணியை ஓடிவிட்டு வரச் சொல்லி, தன் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் அவள் மணிக்கட்டில் வைத்தார். ஒழுங்காக வந்தது. மூச்சு தணியத் தணிய, ஒன்று வரவில்லை. அடுத்தது ஓங்கி அடித்தது.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன். பயப்படாத. உங்கப்பாவைப் பாக்கணும்."

ஏணியின் அப்பா முடி வெட்டுகிறவர். கடையில் ஒருவர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்க, கத்தியைப் பிடித்தபடியே கேட்டார்.

"போன வாரம் அந்தப் பொண்ணு, இந்த வாரம் என் பொண்ணு. அடுத்த வாரம் யாரு டீச்சரம்மா, உங்க ஹெட்மிஸ்ட்ரஸா?"

"என்னைத் திட்டுங்க. இதுவும் ஒண்ணுமில்லாம போனா எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குப் பீரியட் போகும், அவ்வளவுதான். ஆனா காட்டிடுங்க."

"அவ அம்மாவுக்கு நான் என்ன சொல்றது?"

"நான் வந்து சொல்றேன்."

நாற்காலியில் இருந்தவர், "முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வைங்க" என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் ஏணியின் வீட்டுக்குப் போனார். நடந்ததை அவள் அம்மாவிடம் சொன்னார். டாக்டர் இந்த முறையும் எல்லாம் பார்த்தார். ஒரு நாள் முழுதும் துடிப்பைப் பதிவு செய்ய, ஒரு சின்னக் கருவியை ஏணியின் நெஞ்சில் ஒட்டி அனுப்பினார். அது திரும்பிப் போய் முடிவு வரும்வரை விசில் டீச்சர் வகுப்பில் இரண்டு முறை ஒரே பாடத்தை நடத்தினார். பிள்ளைகள் திருத்தவில்லை.

முடிவு வந்த அன்று முடிதிருத்துபவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தார். மாடிப்படியின் அடியில் தலை இடித்துக்கொண்டு, வலியைக்கூடக் கவனிக்காமல் பேசினார்.

"இருக்குதாம் டீச்சரம்மா. நீங்க சொன்னது நிஜம்தான். ஆனா ஆபத்து இல்லையாம். இந்த வயசுல நிறையப் பேருக்கு வருமாம், இதயம் கல்லு மாதிரி இருக்காம். ராத்திரி கண்ணு முழிச்சு டீயாக் குடிச்சுப் படிக்கிறாளே, அதைக் குறைக்கணும். மயக்கம் கியக்கம் வந்தா உடனே வரணும். மத்தபடி ஓடலாம், ஆடலாம்னுட்டாரு."

டீச்சர் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முள் ஒரு சுற்று சுற்றி நின்றது. முடிதிருத்துபவர் அதைப் பார்க்காத மாதிரி பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தார்.

"இதுல ஒரு துண்டைக் காணோமே?"

"அது ரொம்ப நாளாவே இல்லைங்க."

"அப்படியுமா பாடம் நடத்துறீங்க?" என்று சிரித்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததும், டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குருவியின் அம்மா சமாதானம் ஆகச் சில நாள் பிடித்தது. தலைமையாசிரியை அந்தப் பீரியடைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். விசில் டீச்சர் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார். விரல் வைக்கும் பாடமும் ஓட்டமும் இனி ஒரே நாளில். ஒவ்வொருத்தியின் விரலையும் அவரே பார்த்த பிறகுதான் எண்ணத் தொடங்கலாம்.

அடுத்த வாரம் அந்த வகுப்பைத் திரும்ப நடத்தினார். குருவியும் ஏணியும் ஓடி முடித்து நின்றார்கள். இம்முறை பிடித்தவள் குருவி, இரண்டு விரலால். கண்ணை மூடிக்கொண்டு எண்ணியவள் பாதியில் திறந்தாள்.

"டீச்சர், ஒண்ணு தாண்டிடுச்சு."

ஏணி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"தாண்டட்டும்," என்றார் விசில் டீச்சர். "நீ பாட்டுக்கு எண்ணு."