பில்லர் குழியில் கிடைத்த சங்கு

என் தம்பி கடலோரம் காட்டுப்பள்ளிப் பக்கம் பிளாட் வாங்கி வீடு கட்டினதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். இடத்தைப் பார்க்கப் போன முதல் நாளே, பக்கத்துக் காலி மனையில் ஒரு கல்லூரி வாத்தியார் மாணவர்களோடு பள்ளம் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கறுப்புச் சேறு, அதற்கு மேலே ஒரு சாண் வெள்ளை மணல், அதில் உடைந்த சிப்பிகள், மறுபடியும் சேறு. எந்தக் காலத்திலோ கடலுக்கடியில் பூமி ஆடி, அலை ஏறி வந்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போன மணலாக இருக்கும் என்றார். கடல்கோள் என்று பழைய ஏடுகளில் எழுதிவைத்ததெல்லாம் வெறும் கதை இல்லையம்மா என்றும் சொன்னார். தம்பியும் என் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டான்.

கேட்டு என்ன பிரயோஜனம்? பில்லருக்குக் குழி எடுத்தபோது அதே வெள்ளை மணலிலிருந்து மேஸ்திரி ஒரு சங்கை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அஸ்திவாரத்தில் சங்கு கிடைத்தால் மகாலட்சுமியே வந்து உட்கார்ந்த மாதிரி என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. தம்பி மனைவி அதை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் குங்குமம் வைத்தாள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்தக் குழிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, சர்க்கரைப் பொங்கலை என் கையில் வைத்தார்கள். நான் அதை வாயில் வைக்காமல் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். பிளாட் போட்டு விற்ற ஆள் மறுநாளே மனை பார்க்க வந்தவர்களைக் கூட்டிவந்து அந்தக் குழியைக் காட்டினான். தூ!

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டேய், சின்னப் புள்ளைங்கள வச்சிக்கினு இருக்கிற. அலை கிலை வந்தா ஏறி நிக்க மொட்ட மாடிக்குப் படியாவது கட்டுடா."

"படி வரவேண்டிய எடத்துலதான்க்கா சங்கு கெடச்சிது. அங்க பூஜ ரூம் வச்சிட்டோம். படிய அப்பால பாத்துக்கலாம்."

"கடலு கொண்டாந்து போட்டதுடா அது! உனுக்கு இன்னா, மண்டைல களிமண்ணா?"

"நல்ல காரியம் நடக்கிற எடத்துல வாய வைக்காதீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

அவர்கள் குடிபோன கொஞ்ச நாளில், கடலில் எங்கோ பூமி ஆடியதாகவும் அலை வரப்போவதாகவும் எல்லார் போனிலும் செய்தி ஓடியது. நான் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருந்தேன். தம்பி கூப்பிட்டான். பின்னால் பிள்ளைகள் அலறும் சத்தம்.

"அக்கா, எல்லாரும் ஓடுறாங்க. ரோடு ஃபுல்லா வண்டி, நகரவே முடியல. உங்க கம்பெனில ஏணி கெடைக்குமாக்கா?"

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் எப்போது போய்ச் சேருவது? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டும்போதே அழுதேன்.

அன்றைக்கு அலை வரவில்லை. சாயந்திரம் அது புரளி என்றார்கள். இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். தம்பி பூஜை அறை வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியாக்கா? சங்குதான் நம்மள காப்பாத்திச்சி" என்றான். "இனிமே படியே வாணாம்."