பரக்ஸுக்கு நான் சொன்ன தமிழ்

லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு பதினாறு வருடமாக மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி, கவுன்சில், நீதிமன்றம், அகதி விண்ணப்பம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். சொன்னதை மட்டும் சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேலை முடிந்த பிறகு அந்த ஆளோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஒருவருக்காக மீறியிருக்கிறேன்.

அது ஒரு பெப்ரவரி மாதம். அகதி விண்ணப்பம் போட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு ஹோட்டலுக்கு என்னை அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து வந்த ஒருவர், முப்பத்துநான்கு வயது, கடற்றொழில் செய்தவர். ஒன்பது மாதமாக அங்கே இருந்தார். ஓர் இளம் பெண் அதிகாரி கோப்பைத் திறந்து, ஹோட்டலை மூடப்போகிறார்கள், வியாழக்கிழமை உங்களை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம், அது முன்னாள் இராணுவ பரக்ஸ் என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "வியாழக்கிழமை உங்களை ஆமிக் காம்புக்கு மாத்தப் போகினம். முந்தி ஆமி இருந்த இடம்" என்றேன்.

விளங்கியதா என்று அதிகாரி அவரைக் கேட்டதற்கு, "ஓம்" என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவின் மூடியைப் போட இரண்டு தடவை முயன்று, முடியாமல் இரண்டையும் தனித்தனியாக மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த வேலை பதினொரு மணிக்கு, ஒரு கண் ஆஸ்பத்திரியில். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வெள்ளிக்கிழமை ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த மனிதர் புதன்கிழமையே பையை அறையில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாராம். அன்றைக்குச் சொன்னதெல்லாம் அவருக்குச் சரியாக விளங்கியதா என்று அதிகாரி கேட்கிறாளாம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாறு வருடத்தில் என் தமிழை யாரும் குறை சொன்னதில்லை. கோபம் ஆறிய பிறகு, அன்று சொன்ன வசனத்தை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

பரக்ஸ் என்றால் சிப்பாய்கள் தங்கும் கட்டடம். அதற்குத் தமிழில் வேறு என்ன சொல்வது? பாசறை என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் யுத்த காலத்தில் இலங்கையில் எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆமிக் காம்ப் என்பது வெறும் கட்டடம் இல்லை. பிள்ளையை ஆமி உள்ளே கொண்டுபோன பிறகு தாய்மார் வாசலில் நாள் முழுக்க நின்ற இடம் அது. என்னுடைய ஒன்றுவிட்ட அண்ணனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஐந்து மாதம் கழித்து விட்டார்கள். தெரிந்திருந்தும் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "உம்மட வேலை முடிஞ்சுது. இனி அது அவையின்ர பாடு. தேவையில்லாமல் போய் மாட்டுப்படாதையும்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அன்று ஹோட்டலில் அதிகாரிக்காகக் காத்திருந்தபோது அந்த மனிதர் என்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போகிறார், அங்கே மன்னார் ஆட்கள் இருக்கிறார்கள் என்று. அந்த ஞாயிறு நானும் அங்கே போனேன். நான் சைவக்காரி. எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாமல், பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்துப் பார்த்து அந்தப் பூசை முழுவதையும் கழித்தேன். அவர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தபோது கிட்டப் போனேன்.

"தம்பி, என்னைத் தெரியுதோ?"

அவர் முதலில் கதவைத்தான் பார்த்தார். "ஓமக்கா. அண்டைக்குக் கதைச்சுத் தந்தனீங்கள்."

"ஏன் சொல்லாமல் வெளிக்கிட்டனீங்கள்? இதால உங்கட கேஸ் பழுதாப் போகுமெல்லோ."

"ஆமிக் காம்புக்குப் போகச் சொன்னால் நான் எப்பிடிப் போறது? அதுக்குப் பயந்துதானே இங்க வந்தனான்."

"அது என்ர பிழை. நான் சொன்ன விதம் பிழை. அங்க இப்ப ஆமி இல்லை, தம்பி. பழைய கட்டடம்."

"நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

திங்கட்கிழமை வேலை எடுக்கவில்லை. அந்த பரக்ஸைப் பார்க்க, பஸ்ஸில் வடக்கு வூலிச் வரை போய், படகில் தேம்ஸைக் கடந்து, அக்கரையில் இன்னொரு பஸ் பிடித்தேன். செங்கல் மதில், இரும்பு வாசல், மதிலுக்கு மேலே புதிதாகப் போட்ட கம்பி. கம்பியைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று இருந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போகக் கப்பலுக்குக் காத்திருந்த சிப்பாய்களுக்காகக் கட்டியதாம். சுற்றுமதிலையும் ஆற்றங்கரையையும் கட்டியவர்கள் கைதிகள். நாடு கடத்தத் தீர்ப்பான அவர்களை, பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களில் ஆற்றின் நடுவே அடைத்து வைத்திருந்தார்கள். காலையில் காலில் சங்கிலியோடு கரைக்குக் கொண்டுவந்து மண் சுமக்கவிட்டு, பொழுதுபடத் திருப்பிக் கொண்டுபோவார்கள். சிலர் நாடு கடத்தப்படும் முன்பே அந்தக் கப்பல்களில் செத்துப்போனார்கள். இருபது வருடமாக இந்த ஆற்றைப் பார்க்கிறேன். இது எனக்குத் தெரியாது.

வாசலில் நின்ற காவலாளி நேபாளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தானும் முன்பு இப்படியான பரக்ஸில் இருந்த சிப்பாய்தான் என்றார். உள்ளே விட அனுமதி இல்லை, ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வெளியே போய்வரலாம், போகும்போது பெயர் எழுதவேண்டும். கம்பி வெளியாட்கள் ஏறி வந்து குழப்பம் செய்யாமலிருக்கப் போட்டதாம். அந்த நேரம், இன்னும் வரப்போகிறவர்களுக்கு மெத்தைகள் வந்து இறங்கின. ஒரு கட்டடத்தின் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். உள்ளே நன்றாகத் தெரிந்தது.

அடுத்த நாள், பூசை மண்டபத்தில் அவர் தந்த முகவரியில், அவர் தங்கியிருந்த மன்னார்க் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில்தான் படுக்கிறார். போர்வையை ஒழுங்காக மடித்து மூலையில் வைத்திருந்தார். கண்டதை மறைக்காமல் சொன்னேன். கம்பி இருக்கு, கேற் இருக்கு, ஆமி இல்லை, போய்வரலாம் என்றேன்.

"உள்ளுக்கு எப்பிடி?"

"நீட்டு மண்டபம். ரெண்டு பக்கமும் வரிசையாக் கட்டில்..."

"யன்னல் உயரத்திலயோ?"

"ஓம்."

"சுவரில, கூரைக்குக் கீழ, வட்ட ஓட்டை இருக்குமே?"

இருந்தது. காற்றுக்காக விட்ட வட்டத் துவாரங்கள், ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே ஒன்று. நான் தலையாட்டினேன்.

"வெள்ளைக்காரன் கட்டினதுதான் அதுவும்" என்றார். "அங்க ஆமி எங்களை வைச்சிருந்த இடம். அந்த ஓட்டையால வெயில் வரும். சுவரில அது எங்க நிக்குது எண்டு பாத்துத்தான் எனக்கு நேரம் தெரியும். பதினொரு கிழமை, ரெண்டரை மாதம்."

அந்த வீட்டுப் பெண் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

"இதை உங்கட லோயருக்குச் சொன்னனீங்களோ?"

"அடிச்சவை எண்டு சொன்னனான். எங்க, எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானாச் சொல்ல ஏலாமக் கிடந்தது."

"சொல்லுங்கோ. இப்ப எனக்குச் சொன்ன மாதிரி எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஆனால் நான் கதைச்சுத் தரக் கூடாது. வேற ஆளைக் கேளுங்கோ."

"ஏன்? நீங்கள் எண்டால் எனக்குச் சுகம்."

"நான் இங்க வந்திருக்கவே கூடாது, தம்பி."

அன்று மாலையே ஏஜென்சிக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய கேஸில் நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் என்னால் தூங்க முடியாது. ஆறு மாதம் அகதி வேலைகள் எதற்கும் கூப்பிட மாட்டோம் என்று பதில் வந்தது. கணவர் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அவரே புட்டு அவித்தார்.

அந்த மனிதர் வழக்கறிஞரிடம் போனார். ஒரு மருத்துவர் முதுகையும் கால்களையும் பார்த்துக் கடிதம் கொடுத்தார். சித்திரவதைக்கு உள்ளானவர்களை அப்படியான இடத்தில் வைக்கக் கூடாது என்று விதி ஏற்கெனவே இருந்திருக்கிறது. தென் லண்டனில் ஒரு வீட்டில் அவருக்கு அறை கிடைத்தது. ஹோட்டலில் அவரோடு இருந்த மற்றவர்கள் அந்த பரக்ஸுக்குத்தான் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது இடம் மாற்றும் விஷயம் வந்தால், மொழிபெயர்க்கும் முன் அதிகாரியிடம், அங்கே என்ன இருக்கிறது என்று இவருக்கு விவரமாகச் சொல்கிறீர்களா என்று கேட்பேன். சிலர் சொல்வார்கள். சில அதிகாரிகளுக்கே அது தெரியாது.

அவருக்கு விசா கிடைக்க இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. போன கோடையில் அப்டன் பார்க்கில் ஒரு மீன்கடையில் கண்டேன். றப்பர் சப்பாத்தும் ஏப்ரனுமாக நின்று பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார். மனைவியும் மகளும் ஒக்டோபரில் வருகிறார்களாம்.

"மகளுக்கு ஏழு வயசு, அக்கா. என்னை வீடியோவிலதான் தெரியும்" என்றார். "பள்ளிக்கூடப் போர்ம் நிரப்ப வேணும். ஒருக்கா வந்து பாத்துத் தருவீங்களோ?"

ஓம் என்றேன். என்ன மீன் வேண்டும் என்று கேட்டார்.